கத்தியின் எஃகை அறிந்து, தண்ணீர்க்கல்லில் தீட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சமையலறைக் கத்தி மழுங்கிவிட்டது என்றதும் நாம் முதலில் தேடுவது நல்ல கல்லை. எந்தக் கல், எத்தனை நம்பர், யார் தயாரித்தது என்று தேடி வாங்குவோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறேழு கற்கள் சேர்ந்த பிறகும் ஒரு கத்தி பத்தே நிமிடத்தில் கூராகிவிடும். இன்னொன்று ஒரு மணி நேரம் தேய்த்தாலும் மக்கர் பண்ணும். கை அதே கை, கல் அதே கல். வித்தியாசம் கத்திக்குள் இருக்கும் எஃகில் இருந்தது என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

எஃகின் கலவையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கத்தி வாங்கும்போதுதான் வருகிறது. என்னைக் கேட்டால், அந்த அறிவு அதிகம் உதவுவது தீட்ட உட்காரும்போதுதான். எந்தக் கோணம் தாங்கும், எந்தக் கல் பிடிக்கும், பிசிறு (தீட்டும்போது கத்தியின் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், மடங்கி எழும் மெல்லிய எஃகு நூல்) எப்படி நடந்துகொள்ளும் என்ற மூன்றையும் கலவையை வைத்தே பெருமளவு ஊகித்துவிடலாம். அதனால் முதலில் எஃகு, அப்புறம் கல், கடைசியாகக் கைவேலை.

எஃகுக்குள் என்ன இருக்கிறது

இரும்பில் கொஞ்சம் கார்பன் சேர்ந்தால் எஃகு. சமையலறைக் கத்திகளில் கார்பன் பெரும்பாலும் 0.5 முதல் 1.5 சதவீதம் வரை இருக்கும். சாதாரண கார்பன் எஃகை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிச் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால், கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்பின் அணுக்கட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. இப்படி உருவாகும் அமைப்புக்கு மார்டன்சைட் என்று பெயர். அது மிகவும் கடினமானது. கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். அதனால் தோய்த்த கத்தியை மறுபடியும் 150 முதல் 200 டிகிரி வரை மிதமாகச் சூடாக்கி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து, உறுதியை வாங்கிக்கொள்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகுகளுக்குத் தோய்ப்பதற்கு முன் 1000 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும்.

கடைசியில் கிடைக்கும் கடினத்தை ராக்வெல் சி அளவில், ஹெச்ஆர்சி என்ற எண்ணாகச் சொல்கிறார்கள். ஐரோப்பிய பாணிக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58. ஜப்பானிய பாணிக் கத்திகள் 60-ஐ ஒட்டித் தொடங்கும். சில கார்பன் கத்திகள் 64, 65 வரை போகும். எண் கூடினால் மெல்லிய வாய் வளையாமல் நிற்கும், ஆனால் பக்கவாட்டில் திருகினால் பெயர்ந்துவிடும்.

இனி தீட்டுபவருக்கு மிக முக்கியமான விஷயம்: கார்பைடு. இரும்பு தனக்குள் கரைத்துக்கொண்டது போக மீதமுள்ள கார்பன் சும்மா இருப்பதில்லை. இரும்போடும், குரோமியத்தோடும், டங்ஸ்டனோடும், வனேடியத்தோடும் கூட்டுச் சேர்ந்து நுண்ணிய கடினத் துகள்களாக நிற்கும். கான்கிரீட்டில் ஜல்லி இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லி கூடினால் தேய்மானம் குறையும், கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் கல்லில் தேய்ப்பதும் அதே ஜல்லியைத்தானே! விக்கர்ஸ் என்ற இன்னொரு கடின அளவில் இரும்புக் கார்பைடு சுமார் 1000, குரோமியக் கார்பைடு சுமார் 1500, வனேடியக் கார்பைடு சுமார் 2800. பெரும்பாலான தண்ணீர்க்கற்களில் வெட்டும் துகள் அலுமினியம் ஆக்ஸைடு; அதன் கடினம் 2000-ஐ ஒட்டியது. அதாவது முதல் இரண்டையும் கல் வெட்டும். வனேடியக் கார்பைடை வெட்டாது, சுற்றியுள்ள இரும்பைச் சுரண்டி அந்தத் துகளைப் பெயர்த்துத்தான் எடுக்கும். சில கத்திகள் கல்லில் வழுக்கிக்கொண்டே போவதன் ரகசியம் இதுதான்.

குரோமியம் வேறு கதை. ஒரு எஃகு துருவை எதிர்க்கக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும் என்பது பொதுவான வரையறை. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரயர்லி என்ற உலோகவியலாளர் வார்த்த எஃகில் 12.8 சதவீதம் குரோமியம் இருந்தது. துருப்பிடிக்காத கத்திகளின் வரலாறு அங்கிருந்துதான் சூடுபிடிக்கிறது. ஆனால் கார்பைடில் போய் மாட்டிக்கொண்ட குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. டி2 என்ற கருவி எஃகில் குரோமியம் 12 சதவீதம் இருந்தும் அது துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம்: அதில் இருக்கும் 1.5 சதவீதக் கார்பன் குரோமியத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை

கத்தி எஃகுகளுக்கு நூற்றுக்கணக்கில் பெயர்கள் உண்டு. தீட்டுவதற்கு நான்கு குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதலாவது, மிதமான கடினமுள்ள துருப்பிடிக்காத எஃகு. 1.4116 என்ற ஜெர்மன் எண் கொண்டது இதற்குச் சரியான உதாரணம்: கார்பன் சுமார் 0.5, குரோமியம் சுமார் 15 சதவீதம், கொஞ்சம் மாலிப்டினம், கொஞ்சம் வனேடியம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுவோ இதன் உறவினரோதான். வாய் உடையாது, மடங்கும். கல்லில் சீக்கிரம் தேயும். ஆனால் பிசிறு நீளமாக, ரப்பர் மாதிரி அப்படியும் இப்படியும் சாய்ந்துகொண்டே இருக்கும், உதிராது. இந்தக் கத்தியை 8000 நம்பர் போன்ற மிக நுண்ணிய கல்லில் கண்ணாடியாக்குவது வீண் உழைப்பு; அந்த மெருகு ஓரிரு சமையலில் போய்விடும்.

இரண்டாவது, கார்பன் எஃகு. ஜப்பானின் ஷிமானே மாநிலத்தில் உள்ள யாசுகியிலிருந்து வரும் ஷிரோகாமி, அவோகாமி இரண்டும் இதில் பிரபலம். ஷிரோகாமி என்றால் வெள்ளைத் தாள், அவோகாமி என்றால் நீலத் தாள். எஃகின் நிறத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. தயாரிப்பாளர் அடையாளத்துக்காக ஒட்டிய தாளின் நிறம் அது. ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்று அறியப்பட்ட அந்த நிறுவனம் 2023-இல் புரோட்டீரியல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஷிரோகாமி ரகங்களில் வெள்ளை 2-இல் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம், வெள்ளை 1-இல் 1.25 முதல் 1.35. டங்ஸ்டன், குரோமியம் போன்ற உலோகங்கள் வேண்டுமென்றே சேர்க்கப்படுவதில்லை. கந்தகமும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. நீலம் 2-இல் வெள்ளை 2-இன் அதே கார்பன் அளவோடு 1 முதல் 1.5 சதவீதம் டங்ஸ்டனும் சிறிது குரோமியமும் உண்டு. அதனால் கூர் இன்னும் கொஞ்சம் நாள் நிற்கும். பந்துத் தாங்கிகள், அதாவது பேரிங்குகள் செய்யப் பயன்படும் 52100 எஃகும் இந்தக் குடும்பத்தில்தான் சேரும்.

தீட்டக் கற்பவருக்கு நான் சொல்வது எப்போதும் வெள்ளை 2-தான். கல்லில் வைத்ததும் கடிக்கும். பிசிறு சீக்கிரம் எழும், கேட்டதும் உதிரும். நம் கை செய்யும் தப்பையும் சரியையும் உடனே காட்டிக்கொடுக்கும். பராமரிப்பு மட்டும் வேண்டும்: எலுமிச்சை நறுக்கி அப்படியே வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் நிறம் மாறும்.

மூன்றாவது, கடினமான துருப்பிடிக்காத எஃகு. விஜி-10, ஆஸ்-10, கின்சான் எல்லாம் இங்கே வரும். விஜி-10-இல் கார்பன் சுமார் 1, குரோமியம் சுமார் 15, கோபால்ட் சுமார் 1.5 சதவீதம், கடினம் 60-ஐ ஒட்டி இருக்கும். கூர் நன்றாக நிற்கும். ஆனால் இதன் பிசிறைப் போல் பிடிவாதமானதை நான் பார்த்ததில்லை. போய்விட்டது என்று நினைப்போம், மறுபக்கம் படுத்துக்கொண்டு இருக்கும். கின்சான் இதைவிட ரொம்ப சாது. கார்பன் கத்தி தீட்டுவது போலவே இருக்கும்.

நான்காவது, தூள் உலோகவியல் முறையில் செய்த எஃகு. உருகிய எஃகை வாயுவால் தெளித்து நுண்ணிய துளிகளாக்கி உறைய வைத்து, அந்தத் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்குகிறார்கள். துளி சட்டென்று உறைவதால் கார்பைடுகள் பெரிதாக வளர நேரமில்லை, பொடியாகவே நிற்கின்றன. எஸ்ஜி2 (ஆர்2 என்றும் சொல்வார்கள்) இந்த வகை: குரோமியம் 15, வனேடியம் 2 சதவீதத்தை ஒட்டி, கடினம் 62 முதல் 64. நல்ல தண்ணீர்க்கல்லில் இது தீட்டக்கூடியதே. எஸ்30வி-யில் வனேடியம் 4 சதவீதம், எஸ்90வி-யில் 9 சதவீதம். அந்த உயரத்துக்குப் போனால் வைரக்கல்தான் வழி.

ஒரு எச்சரிக்கை. பெயர் ஒன்றாக இருந்தாலும் வெப்பப் பதம் (சூடாக்கித் தோய்த்து மறுபடி சூடாக்கும் அந்த வேலை) மோசமாக இருந்தால் கத்தி மோசம்தான். பதம் நன்றாக அமைந்த சாதாரண எஃகு, பதம் கெட்ட உயர்ந்த எஃகை எப்போதும் வெல்லும்.

கத்தியில் எஃகின் பெயர் இல்லையா? காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், அதனால் பயனில்லை. கடினமாக்கப்பட்ட துருப்பிடிக்காத கத்தியும் காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டு அரை மணி நேரம் பாருங்கள். சாம்பலோ நீலமோ படர்ந்தால் கார்பன் எஃகு. படரவில்லை என்றால் மூன்றாவது குடும்பமா முதலாவதா என்பதைக் கல்லில் எழும் பிசிறு சொல்லிவிடும்.

கற்கள்

தண்ணீர்க்கல்லின் நம்பர் ஜப்பானியத் தர அளவு. 400 என்றால் துகள் சுமார் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 1000 என்றால் சுமார் 11.5, 3000 சுமார் 4, 6000 சுமார் 2, 8000 சுமார் 1.2. உப்புத்தாளின் நம்பரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய அளவில் பி1000 தாளின் துகள் சுமார் 18 மைக்ரான், அதாவது 1000 நம்பர் கல்லைவிடச் சொரசொரப்பானது.

ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும் என்றால் 1000 வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். அதில் ஒழுங்காகப் பிசிறு எடுத்த கத்தி பெரும்பாலான சமையலறைகளின் எந்தக் கத்தியையும்விட நன்றாக வெட்டும். அடுத்தது 3000 அல்லது 4000. வாய் பெயர்ந்த கத்தி வந்தால் 300 அல்லது 400. இந்த மூன்றுக்கு மேல் ஆசைதான், தேவை இல்லை. என்னிடம் இன்னும் ஐந்து இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

ஊறவைப்பதா, தண்ணீர் தெளிப்பதா? கல்லின் துகள்களை எது ஒட்டிப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நுண்துளைகள் நிறைந்த கற்களைப் பத்துப் பதினைந்து நிமிடம், குமிழி நிற்கும்வரை ஊறவைக்க வேண்டும். அடர்த்தியான கற்களுக்கு மேலே தண்ணீர் தெளித்தால் போதும். மெக்னீசியா பிணைப்புள்ள கற்களை ஊறவே விடக்கூடாது. பிணைப்பு மெல்லத் தண்ணீரில் கரையும், காயும்போது விரிசல் விடும். ஒரு நல்ல கல்லை இரவு முழுக்க வாளியில் போட்டுவிட்டுத் தூங்கிய பாவம் நானும் செய்தேன். மறுவாரம் நடுவில் மயிரிழை போல் ஒரு கோடு. கல்லோடு வந்த தாளைப் படித்திருந்தால் தப்பித்திருக்கும்.

எண்ணெய் வேண்டாம். ஒருமுறை எண்ணெய் இறங்கிய தண்ணீர்க்கல் அடைத்துக்கொள்ளும்.

கல் தட்டையாக இருப்பது நம்பரைவிட முக்கியம். தேய்க்கத் தேய்க்க நடுவில் குழியும். குழிந்த கல்லில் கோணம் ஒவ்வொரு அங்குலத்திலும் மாறும். கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் பயனில்லை. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தண்ணீர் விட்டு, சொரசொரப்பான வைரத் தகட்டால் தேயுங்கள். கோடுகள் எல்லாம் அழியும் வரை தேய்த்தால் தட்டை. தகடு இல்லையென்றால் தட்டையான கண்ணாடியின் மேல் ஒட்டிய உப்புத்தாளும் வேலை செய்யும். நான் ஒவ்வொரு முறை உட்காரும் முன்பும் அரை நிமிடம் இதைச் செய்கிறேன். குழி விழுந்த பிறகு அரை மணி நேரம் உழைப்பதற்கு இது மேல்.

கோணத்தை அளக்கும் எளிய கணக்கு

15 டிகிரி என்று சொல்லிவிடலாம், கை அதை எப்படி அறியும்? கத்தியின் அகலத்தை, அதாவது முதுகிலிருந்து வாய் வரையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள். முதுகைக் கல்லிலிருந்து அந்த அகலத்தில் கால் பங்கு உயர்த்தினால் ஏறக்குறைய 14.5 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு என்றால் 19.5 டிகிரி. ஐந்தில் ஒரு பங்கு என்றால் 11.5 டிகிரி. 45 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு இவை முறையே 11, 15, 9 மில்லிமீட்டர் உயரம். உயரத்தை முதுகுத் தடிமனின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். சில்லறைக் காசுகளை அடுக்கி உயரம் பார்த்துக்கொண்டு, காசை எடுத்துவிட்டு அந்த நிலையைக் கையில் பதியவைக்கலாம்.

முதல் குடும்பத்துக்கு மூன்றில் ஒன்று. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது குடும்பங்களுக்குக் கால் பங்கு. கையில் பழக்கம் வந்து, மெல்லிய கத்தியும் மென்மையான காய்கறி வேலையும் என்றால் கார்பன் கத்தியில் ஐந்தில் ஒன்று வரை இறங்கலாம். எலும்புப் பக்கம் போகும் கத்திக்கு இது ஒருபோதும் கூடாது.

ஏற்கெனவே உள்ள கோணத்திலேயே தீட்ட நினைத்தால் மார்க்கர் பேனாவால் வாயோரத்தின் சாய்வில் பூசி, இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை மேல்பக்கம் மட்டும் போனால் முதுகைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஓரத்தில் மட்டும் போனால் தாழ்த்த வேண்டும். முழுச் சாய்விலும் போனால் சரியான இடம். இந்த மார்க்கர் வித்தையைத் தொடக்கத்திலேயே கற்றிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

தீட்டும் முறை

முதல் படி, இடம். ஈரத்துணி மடித்து அதன்மேல் கல்லை வையுங்கள், நகரக் கூடாது. கல்லின் உயரம் உங்கள் இடுப்பை ஒட்டி இருக்கட்டும். குனிந்து தீட்டினால் தோள் களைக்கும், தோள் களைத்தால் கோணம் போகும். பக்கத்தில் தண்ணீரும் ஒரு துண்டும்.

இரண்டாவது, கத்தியின் நிலை. வாயை மேலே திருப்பி விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். கூர் உள்ள இடம் தெரியவே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளிக்கோடாக மின்னும். பெயர்ந்த இடம் புள்ளியாக மின்னும். புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும் அளவென்றால் 400-இல் தொடங்குங்கள், இல்லையென்றால் 1000-இல்.

மூன்றாவது, முதல் பக்கம். வலதுகைக்காரர் பிடியை வலது கையில் பிடித்து, வாய் தன்னைப் பார்க்கும்படி, கத்தியைக் கல்லுக்குக் குறுக்கே சாய்வாக வைக்க வேண்டும். இடது கையின் இரண்டு விரல்கள் வாய்க்குச் சற்று மேலே தட்டையான பகுதியில். அந்த விரல்கள் எங்கே அழுத்துகின்றனவோ அங்கேதான் எஃகு தேயும். மற்ற இடம் சும்மா கூடவே போகிறது. முதுகு முன்னே போகும்படி தள்ளும்போது அழுத்தம், திரும்பி வரும்போது தளர்வு. அழுத்தம் எவ்வளவு? கல்லை ஒரு சமையல் தராசின் மேல் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொடக்கத்தில் நான் ஒரு கிலோவை ஒட்டி அழுத்துகிறேன், முடிவில் 200 கிராமுக்கும் கீழே. தராசில் பார்க்கும் வரை எல்லோரும் தாங்கள் லேசாக அழுத்துவதாகத்தான் நினைக்கிறார்கள்.

கத்தியைக் கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து தடவை. நுனியை நெருங்கும்போது வாய் வளைகிறது. அங்கே முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தாவிட்டால் ஓரம் கல்லைத் தொடவே தொடாது. எந்தக் கத்தியிலும் கடைசியாகக் கூராவதும் முதலில் கெட்டுப்போவதும் நுனிதான்.

கறுப்பாகச் சேறு சேரும். கழுவித் தள்ள வேண்டாம், அது வேலை செய்கிறது. காய்ந்துபோனால் மட்டும் சில துளி தண்ணீர்.

நான்காவது, பிசிறு. தீட்டுவதன் மையமே இதுதான். இரண்டு சாய்வும் சந்திக்கும் இடம் வரை எஃகு தேய்ந்துவிட்டால், அந்த மெல்லிய விளிம்பு மறுபக்கம் மடங்கி ஒரு நூலாக நிற்கும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே போகும்படி மெல்ல நகர்த்தினால் நகத்தில் தட்டுவது போல் உணரலாம். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. விரலுக்குத் தெரியவில்லை என்றால் பஞ்சை அதே திசையில் இழுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் நார் மாட்டும். கைப்பிடியிலிருந்து நுனி வரை ஒரு இடமும் விடாமல் பிசிறு எழுந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். பத்துத் தடவை இந்தப் பக்கம், பத்துத் தடவை அந்தப் பக்கம் என்று எண்ணிக்கொண்டு தீட்டுகிறவர்களின் கத்தி கூராகாததற்கு முக்கியக் காரணம் இங்கே அவசரப்படுவதுதான். எண்ணிக்கையை மறந்துவிடுங்கள், பிசிறைக் கேளுங்கள்.

ஐந்தாவது, மறுபக்கம். அதே கோணம், அதே வேலை. இந்த முறை பிசிறு சீக்கிரம் எழும்.

ஆறாவது, பிசிறைக் குறைத்தல். அதே 1000-இல் பக்கத்துக்கு ஐந்து, பிறகு மூன்று, பிறகு ஒன்று என்று மாறி மாறி, ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தத்தைப் பாதியாக்கிக்கொண்டே வாருங்கள். கடைசியில் கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்க வேண்டும். பிசிறு பெரிதாக இருக்கும்போதே நுண்ணிய கல்லுக்குத் தாவினால் அங்கே அதைப் பிடுங்குவது பெரும்பாடு.

ஏழாவது, நுண்ணிய கல். இங்கேதான் எஃகு முடிவு செய்கிறது. முதல் குடும்பக் கத்தியை 1000-இலேயே, அதிகம் போனால் 2000-இல் நிறுத்துங்கள். அந்த வாயில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் மிச்சமிருக்கும். தக்காளித் தோலில் அவைதான் இறங்கும். விஜி-10 போன்றவற்றுக்கு 3000. வெள்ளைத் தாள் எஃகை 6000, 8000 வரை கொண்டு போகலாம், அதற்குக் கூலியும் கிடைக்கும். எஸ்ஜி2-ஐ 3000, 4000-இல் நிறுத்துவது எனக்குப் பிடிக்கும்; அதற்கு மேல் போனால் பற்கள் போய் வாய் வழுக்குகிறது.

எட்டாவது, பிசிறை எடுத்தல். கடைசிக் கல்லில், வாய் முன்னே போகும்படி, கல்லிலிருந்து ஏதோ மெல்லிய படலத்தைச் சீவுவது போல் பக்கத்துக்கு இரண்டு மூன்று இழுப்பு. கார்பன் எஃகில் பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும். விஜி-10-உம் மென்மையான துருப்பிடிக்காத எஃகும் இதற்கு மசியா. அவற்றுக்குக் கோணத்தை இரண்டு மூன்று டிகிரி உயர்த்தி, மிகமிக லேசாக அதே போல் மாறி மாறி இரண்டு இழுப்பு. இது பிசிறின் வேரை அறுத்துவிடும். பிறகு பழைய கோணத்தில் ஒரு இழுப்பு. கார்க்கிலோ மரக்கட்டையிலோ வாயை இழுத்துப் பிசிறைக் கிழிக்கச் சொல்பவர்களும் உண்டு. கடினமான எஃகில் அது சரி. மென்மையான எஃகில் கிழிந்த இடம் கந்தலாக நிற்பதால் நான் செய்வதில்லை.

கடைசியாகத் தோல் பட்டையிலோ, கல்லின் மேல் விரித்த செய்தித்தாளிலோ, முதுகு முன்னே போகும்படி பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு. இழுப்பின் முடிவில் கத்தியைத் தூக்கிச் சுழற்றாதீர்கள். அங்கேதான் வாய் உருண்டுவிடும்.

சோதனை

விளக்கில் மறுபடி பாருங்கள். எங்கும் மின்னக் கூடாது. செய்தித்தாளைத் தொங்கவிட்டு, கைப்பிடியிலிருந்து நுனி வரை முழு வாயாலும் வெட்டுங்கள். ஒரே இடத்தில் மாட்டினால் அங்கே பிசிறோ மழுங்கலோ இருக்கிறது. பழுத்த தக்காளியின் மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்தால் தோலில் தானாக இறங்க வேண்டும்.

காகிதத்தை நன்றாக வெட்டிய கத்தி மறுநாளே மழுங்கினால் எஃகைத் திட்ட வேண்டாம். நீங்கள் வெட்டியது நிமிர்ந்து நின்ற பிசிறால், அது மடங்கிவிட்டது. எட்டாவது படிக்குத் திரும்புங்கள். வாயில் சின்னச் சின்னதாகப் பெயர்ந்தால் கோணம் அந்த எஃகுக்குக் குறைவு. முழுவதும் திருப்பித் தீட்ட வேண்டியதில்லை: கடைசிக் கல்லில் முதுகை 20 டிகிரிக்கு உயர்த்தி பக்கத்துக்கு மூன்று லேசான இழுப்பு போட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறுஞ்சாய்வு உருவாகும். பெயர்வது பெரும்பாலும் நின்றுவிடும்.

கூராக இருந்தும் கேரட்டைப் பிளக்கிறதே தவிர அறுக்கவில்லை என்றால், வாய்க்குப் பின்னால் கத்தி தடித்துவிட்டது என்று அர்த்தம். வருடக்கணக்கில் தீட்டத் தீட்ட வாய் மேலேறி, தடிமனான பகுதிக்குள் வந்துவிடும். கத்தியை மிகத் தாழ்வாக, ஐந்து டிகிரிக்கும் கீழே படுக்கவைத்து 400-இல் இரு பக்கமும் மெலிய வைக்க வேண்டும். பொறுமை வேண்டிய, கீறல் விழும் வேலை. ஆனால் கத்தி புதிதாகப் பிறந்தது போல் ஆகும்.

இதுவரை சொன்னது இரண்டு பக்கமும் சாய்வுள்ள கத்திகளுக்கு. யானகிபா, தேபா போன்ற ஒருபக்கச் சாய்வுக் கத்திகளில் முன்பக்கச் சாய்வு முழுவதையும் கல்லில் படுக்கவைத்துத் தீட்ட வேண்டும். பின்பக்கத்தைச் சற்றும் தூக்காமல் தட்டையாக வைத்துப் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒருமுறை கோணம் வைத்துவிட்டால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை. ரம்ப வாய்க் கத்திக்கும் பீங்கான் கத்திக்கும் இந்தக் கற்கள் உதவா.

அன்றாடம்

வரிவரியாகக் கோடுள்ள இரும்புக் கம்பியில் தீட்டுவது முதல் குடும்பத்துக்கு மட்டும். 60-க்கு மேல் கடினமான கத்தியை அதில் தேய்த்தால் வாய் பெயரும். அதற்கு நுண்ணிய பீங்கான் கம்பி அல்லது தோல் பட்டை. வெட்டும் பலகை மரமோ மென்மையான பிளாஸ்டிக்கோ இருக்கட்டும். கண்ணாடியிலும் கருங்கல்லிலும் எந்த எஃகும் நிற்காது. நறுக்கியதைப் பலகையிலிருந்து ஒதுக்கும்போது கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள்.

இயந்திரச் சாணையில் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் வாயின் மெல்லிய ஓரம் நொடியில் 200 டிகிரியைத் தாண்டிவிடும். கார்பன் எஃகின் பதம் அங்கேயே போய்விடும். வைக்கோல் நிறமோ நீலமோ ஓரத்தில் தெரிந்தால், அந்த நிறம் ஏறிய அளவுக்குத் தண்ணீர்க்கல்லில் தேய்த்துத் தள்ளினால்தான் நல்ல எஃகு மறுபடி வெளியே வரும்.

கார்பன் கத்தியில் சாம்பலும் நீலமுமாகப் படரும் படலத்தை அழிக்க வேண்டாம், அது ஓரளவு காவல். செம்பழுப்பாகத் தெரிவதுதான் துரு. உடனே தேய்த்து எடுத்துவிடுங்கள். எந்தக் கத்தியையும் கழுவிய கையோடு துடைத்து வையுங்கள்.

கல்லையும் கழுவி, சேறு போன பிறகு, நிழலில் செங்குத்தாக நிறுத்தி மெல்லக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து வெடிக்கும். முழுவதும் காய இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதற்கு முன் பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.